ஐநூறில் முப்பத்தெட்டு: அசிமோவின் அறிவியல் புனைகதைகளை முழுதாகச் சேர்ப்பது எப்படி

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் எழுதியதும் தொகுத்ததுமாக 500 புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் வேதியியல் பாடநூல் உண்டு, பைபிளுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் வழிகாட்டி நூல்கள் உண்டு, லிமரிக் பாட்டு உண்டு, துப்பறியும் கதை உண்டு, அடுத்தவர் கதைகளைச் சேர்த்துப் போட்ட திரட்டுகள் வண்டி வண்டியாக உண்டு. அறிவியல் புனைகதை மட்டும் போதும் என்று கோடு கிழித்துக்கொண்டால் 38 புத்தகங்களில் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும்: பெரியவர்களுக்கான 19 நாவல்கள், சிறுவர்களுக்கான 6, சிறுகதைப் புத்தகங்கள் 13. மூன்றரை அடி நீளத்தில் ஒரு தட்டு இருந்தால் போதும்.

சேர்க்கத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது நாவல்களில் அல்ல, சிறுகதைகளில்தான். ஒரே கதை நான்கைந்து புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும். ‘தி லாஸ்ட் கொஸ்டின்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பரில் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் குவார்ட்டர்லி’ இதழில் வந்தது. தான் எழுதியதில் தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று அசிமோவே சொன்ன கதை. அது 1959-இல் ‘நைன் டுமாரோஸ்’, 1969-இல் ‘ஓபஸ் 100’, 1973-இல் ‘தி பெஸ்ட் ஆஃப் ஐசக் அசிமோவ்’, 1986-இல் ‘ரோபாட் ட்ரீம்ஸ்’, 1990-இல் ‘தி கம்ப்ளீட் ஸ்டோரீஸ்’ முதல் தொகுதி என்று ஐந்திலும் இருக்கிறது. அட்டையைப் பார்த்து ஐந்தையும் வாங்கினவருக்கு அலமாரி நிறைந்திருக்கும். அந்தக் கணக்கில் கதை ஒன்றுதான் கூடியிருக்கும். அதனால் புத்தகத்தை எண்ணாமல் கதையை எண்ணிச் சேர்ப்பதுதான் சரியான வழி.

முதலில் ஒரு பட்டியல்

கடைக்குப் போகும் முன் எக்செல் தாளோ நாற்பது பக்க நோட்டோ ஒன்றைத் திறந்து, ஒரு கதைக்கு ஒரு வரி என்று போடுங்கள். ஐந்து பத்திகள் போதும்: கதையின் பெயர், முதலில் வந்த இதழும் மாதமும் ஆண்டும், இடம்பெற்ற தொகுப்புகள், உங்களிடம் உள்ள புத்தகம், வேறு பெயர்கள். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ‘ராபி’ என்று நாம் படிக்கும் கதை 1940 செப்டம்பரில் ‘சூப்பர் சயின்ஸ் ஸ்டோரீஸ்’ இதழில் வந்தபோது ‘ஸ்ட்ரேஞ்ச் ப்ளேஃபெல்லோ’ என்ற பெயரில்தான் வந்தது. ‘ஐ, ரோபாட்’ புத்தகத்துக்காக அசிமோவ் அதைத் திருத்தி, மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற ரோபாட்களின் முதல் விதியைப் பற்றிய குறிப்பையும் சேர்த்தார். இது தெரியாமல் பழைய இதழையும் புத்தகத்தையும் பார்ப்பவர் இரண்டு தனிக் கதைகள் என்று எழுதிவைத்துவிடுவார்.

பட்டியலுக்கான விவரம் முழுவதும் இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ் என்ற இலவசத் தளத்தில் கிடைக்கும். கதையின் பெயரைச் சொடுக்கினால் அது அச்சான ஒவ்வொரு பதிப்பும் ஆண்டு வாரியாக விரியும். புத்தகத்தின் பெயரைச் சொடுக்கினால் பொருளடக்கம் வரும். கடையில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்க்கவும் இதுவே போதும்.

சிறுகதை: வாங்கும் வரிசை

பெரியதிலிருந்து சிறியதற்குப் போங்கள். முதலில் ‘தி கம்ப்ளீட் ரோபாட்’ (1982). 31 ரோபாட் கதைகள் கொண்ட இது, ‘ஐ, ரோபாட்’டின் ஒன்பது கதைகளையும், ‘தி ரெஸ்ட் ஆஃப் தி ரோபாட்ஸ்’ புத்தகத்தின் எட்டுக் கதைகளையும் உள்ளடக்கியது. ஆகவே இரண்டாவதை நீங்கள் வாங்கத் தேவையில்லை. ‘ஐ, ரோபாட்’டை மட்டும் தனியாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் வயதான ரோபாட் உளவியலாளர் சூசன் கால்வினை ஒரு நிருபர் பேட்டி காண்கிறார். கதைகளுக்கு இடையே வரும் அந்த இணைப்புப் பகுதிகள் ‘கம்ப்ளீட்’டில் இல்லை. ஒன்பது தனிக்கதைகளை ஒரு பெண்மணியின் வாழ்க்கையாக மாற்றுவதே அந்தச் சில பக்கங்கள்தான்.

அடுத்து ‘தி கம்ப்ளீட் ஸ்டோரீஸ்’ இரண்டு தொகுதிகள் (1990, 1992). பெயரை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இது பல தொகுதிகளாகத் திட்டமிட்ட வரிசை. 1992 ஏப்ரலில் அசிமோவ் இறந்தபின் இரண்டோடு நின்றுவிட்டது. முதல் தொகுதி ‘எர்த் இஸ் ரூம் இனஃப்’, ‘நைன் டுமாரோஸ்’, ‘நைட்ஃபால் அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ ஆகிய மூன்று பழைய தொகுப்புகளின் சேர்க்கை. இதை வாங்கினால் அந்த மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். இரண்டாம் தொகுதியில் 40 கதைகள். அவற்றில் பத்துக்கு மேல் ஏற்கெனவே ‘கம்ப்ளீட் ரோபாட்’டில் உள்ளவை. இருந்தாலும் மிச்சத்துக்காக வாங்கத்தான் வேண்டும்.

இனி இடைவெளிகளை அடைக்கும் வேலை. ‘தி ஏர்லி அசிமோவ்’ (1972) 27 ஆரம்பகாலக் கதைகள் கொண்டது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: அவருடைய முதல் அச்சுக் கதையான ‘மரூன்டு ஆஃப் வெஸ்டா’ (‘அமேஸிங் ஸ்டோரீஸ்’, 1939 மார்ச்) இதில் இருக்கும் என்று நினைத்து வாங்குவார்கள். இருக்காது. அதற்குமுன் வேறு தொகுப்பில் வந்துவிட்ட கதைகளை அசிமோவ் இதில் சேர்க்கவில்லை. அந்தக் கதைக்கு ‘அசிமோவ்ஸ் மிஸ்டரீஸ்’ (1968) வேண்டும். ‘வாட்ஸ் இன் எ நேம்?’, ‘தி டஸ்ட் ஆஃப் டெத்’ ஆகியவற்றுக்கும் அதுதான் இடம். அதன் மற்ற கதைகள் பெரும்பாலும் இரண்டு ‘கம்ப்ளீட்’ தொகுதிகளுக்குள் போய்விட்டன.

‘தி ஏர்லி அசிமோவ்’ பற்றி இன்னொரு வார்த்தை. கதைகளைவிட அவற்றுக்கு இடையே வரும் குறிப்புகளுக்காகவே அது வைத்திருக்க வேண்டிய புத்தகம். எந்தக் கதையை எப்போது எழுதினார், எந்த ஆசிரியர் திருப்பி அனுப்பினார், எவ்வளவு பணம் வந்தது என்று கணக்குப் பிள்ளை மாதிரி எழுதிவைத்திருப்பார். வார்த்தைக்கு ஒரு சென்ட் வீதம் முதல் கதைக்கு அவருக்குக் கிடைத்தது 64 டாலர். இணையத்தில் சுற்றும் ‘முழுத் தொகுப்பு’ பிடிஎஃப்களில் முதலில் காணாமல் போவது இந்தக் குறிப்புகள்தான். பதிப்புரிமை விஷயத்தைத் தள்ளிவைத்தாலும், ஸ்கேன் பிழைகள் மலிந்த அந்தக் கோப்புகளை வைத்துப் பட்டியலை நிரப்பாதீர்கள்.

‘தி மார்ஷியன் வே’ (1955) நான்கு நெடுங்கதைகள். இரண்டு ‘கம்ப்ளீட் ஸ்டோரீஸ்’ இரண்டாம் தொகுதியில் உண்டு. ‘யூத்’, ‘சக்கர் பெய்ட்’ இரண்டும் இல்லை. ‘யூத்’ ப்ராஜெக்ட் குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆக ஒரே ஒரு கதைக்காகப் புத்தகம் வாங்குவதா என்பது உங்கள் முடிவு. ‘சக்கர் பெய்ட்’ வாங்கத் தகுந்த கதை.

பிறகு ‘தி பைசென்டினியல் மேன் அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ (1976), ‘வாட்டர்கிளாப்’, ‘தி வின்னோயிங்’ போன்ற விடுபட்டவற்றுக்காக. ‘பை ஜுபிடர்’ (1975), ‘தி விண்ட்ஸ் ஆஃப் சேஞ்ச்’ (1983). இவற்றோடு ‘ரோபாட் ட்ரீம்ஸ்’ (1986), ‘ரோபாட் விஷன்ஸ்’ (1990), ‘கோல்டு’ (1995). முதலிரண்டில் பெரும்பகுதி பழைய சரக்கு. ‘ரோபாட் ட்ரீம்ஸ்’ புத்தகத்தில் அதன் தலைப்புக் கதை மட்டுமே புதியது. ‘ரோபாட் விஷன்ஸ்’ புத்தகத்தில் தலைப்புக் கதையோடு ‘டூ பேட்!’, ‘கிறிஸ்மஸ் வித்தவுட் ராட்னி’ போன்றவை. பணம் இறுக்கமாக இருந்தால் இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். ‘கோல்டு’ அவர் இறந்தபின் வந்தது, பாதிக்கு மேல் கட்டுரைகள். ஆனால் ‘கேல்’ என்ற ரோபாட் கதைக்காக வேண்டும்.

‘அசாசெல்’ (1988), ‘மேஜிக்’ (1996) இரண்டும் மாயக்கதை வகை. நமது கோட்டுக்கு வெளியே.

நாவல்கள்

இதில் சிக்கல் குறைவு. ரோபாட் நாவல்கள் நான்கு: ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954), ‘தி நேக்கட் சன்’ (1957), ‘தி ரோபாட்ஸ் ஆஃப் டான்’ (1983), ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ (1985). பேரரசு நாவல்கள் மூன்று: ‘பெபிள் இன் தி ஸ்கை’ (1950), ‘தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’ (1951), ‘தி கரண்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ (1952). ஃபவுண்டேஷன் வரிசை ஏழு: 1951, 1952, 1953-இல் வந்த மூன்று, 29 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ (1982), ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ (1986), ‘ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்’ (1988), ‘ஃபார்வர்டு தி ஃபவுண்டேஷன்’ (1993). எந்த வரிசையிலும் சேராதவை ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’ (1955), ‘தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்’ (1972), ‘நெமிசிஸ்’ (1989), கூடவே இரண்டு ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ (1966, 1987). மொத்தம் 19.

1966-இன் ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ திரைக்கதையிலிருந்து எழுதிய நாவல். படம் திரைக்கு வரும் முன்பே புத்தகம் வந்துவிட்டதால், புத்தகத்திலிருந்துதான் படம் எடுத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. மற்றதெல்லாம் சேர்ந்தபின் வாங்கினால் போதும்.

சிறுவர்களுக்கான லக்கி ஸ்டார் நாவல்கள் 1952 முதல் 1958 வரை பால் ஃப்ரெஞ்ச் என்ற புனைபெயரில் வந்தவை. பழைய கடையில் அசிமோவ் அடுக்கில் தேடினால் சில பதிப்புகள் சிக்காது. ‘ஃப்ரெஞ்ச்’ என்றும் தேடுங்கள். பிந்தைய பதிப்பாக இருந்தால் நல்லது. வெள்ளிக் கிரகத்தில் கடல் இருப்பதாக எழுதியது போன்ற, அறிவியல் பின்னர் பொய்யாக்கிய விஷயங்களுக்கு அசிமோவ் முன்னுரையில் விளக்கம் சொல்லியிருப்பார்.

இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளரான ராபர்ட் சில்வர்பர்க்கோடு சேர்ந்து வந்த மூன்று நாவல்களை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அவை அசிமோவின் மூன்று கதைகளை நீட்டி எழுதியவை. மூலக்கதைகள் மூன்றும் மேலே சொன்ன புத்தகங்களில் இருக்கின்றன.

பெயர் மயக்கம்

‘நைட்ஃபால்’ என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் உண்டு. 1941-இல் வந்த சிறுகதை, 1969-இல் வந்த 20 கதைத் தொகுப்பு, 1990-இல் சில்வர்பர்க்கோடு வந்த நாவல். ஆன்லைனில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் எது வரும் என்று தெரியாது. போதாக்குறைக்கு, தொகுப்பை பிரிட்டனின் பேந்தர் நிறுவனம் இரண்டாகப் பிரித்து ‘நைட்ஃபால் ஒன்’, ‘நைட்ஃபால் டூ’ என்று போட்டது. ‘தி ஏர்லி அசிமோவ்’ பேந்தரில் மூன்று துண்டு, அமெரிக்க பேப்பர்பேக்கில் இரண்டு. இந்தியப் பழைய புத்தகக் கடைகளில் பேந்தர் அதிகம் தட்டுப்படும். ஒரு துண்டைப் பார்த்து முழுப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க முதல் பாகமும் பிரிட்டிஷ் இரண்டாம் பாகமும் சேர்ந்தால் ஒரு முழுமை ஆகாது, வெட்டிய இடம் வேறு வேறு.

ஏஸ் நிறுவனம் 1950-களில் போட்ட மலிவுப் பதிப்புகள் இன்னொரு வலை. ‘ஃபவுண்டேஷன்’ அங்கே ‘தி 1,000-இயர் பிளான்’ ஆனது, அதுவும் வெட்டிச் சுருக்கி. ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ புத்தகத்துக்கு ‘தி மேன் ஹூ அப்செட் தி யுனிவர்ஸ்’ என்று பெயர். ‘தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’ அங்கே ‘தி ரெபெல்லியஸ் ஸ்டார்ஸ்’. அட்டைக்காக வைத்துக்கொள்ளலாம், படிக்க வேண்டாம்.

அட்டையில் அசிமோவ் என்று கொட்டை எழுத்தில் இருப்பதெல்லாம் அவர் எழுதியது அல்ல. ‘ஐசக் அசிமோவ்ஸ் ரோபாட் சிட்டி’ வரிசையை எழுதியவர்கள் வேறு. ‘ஐசக் அசிமோவ் ப்ரெசென்ட்ஸ் தி கிரேட் எஸ்.எஃப். ஸ்டோரீஸ்’ 25 தொகுதி கொண்ட திரட்டு. 1939 முதல் 1963 வரை பலர் எழுதிய கதைகள், அவரும் மார்ட்டின் எச். கிரீன்பர்க்கும் தொகுத்தது. (1950-களில் ‘ஐ, ரோபாட்’டையும் ஃபவுண்டேஷன் மூன்றையும் முதலில் வெளியிட்ட நோம் பிரஸ் நிறுவனத்தின் மார்ட்டின் கிரீன்பர்க் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கி எழுதப்பட்ட குறிப்புகள் இருக்கின்றன.) பெயருக்குப் பின் ‘எஸ்’ ஒட்டியிருந்தாலோ ‘ப்ரெசென்ட்ஸ்’ என்று இருந்தாலோ உள்ளே தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆனால் ‘அசிமோவ்ஸ் மிஸ்டரீஸ்’ அவருடையதேதான், விதிவிலக்கு.

கையில் எடுத்த பிரதியைச் சோதிப்பது

அமெரிக்க ஹார்ட்பவுண்டு என்றால் பெரும்பாலும் டபுள்டே நிறுவனம் போட்டது. முதற்பதிப்பா, புக் கிளப் பதிப்பா (கிளப் உறுப்பினர்களுக்கு மலிவாக அச்சிட்டது) என்று பார்க்க மூன்று இடங்கள். மேலுறையின் உள்மடிப்பைப் பாருங்கள்: விலை அச்சிட்டிருந்தால் கடைப் பதிப்பு, விலை இல்லாமல் கீழே ‘புக் கிளப் எடிஷன்’ என்று இருந்தால் கிளப் பதிப்பு. மூலை கத்தரிக்கப்பட்டிருந்தால் எதுவும் சொல்ல முடியாது, அடுத்த இடத்துக்குப் போங்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற வரி இருக்கிறதா? மூன்றாவது பின்னட்டை: உறையைக் கழற்றி, வெளிச்சத்தைச் சாய்வாக வைத்து, வலது கீழ்மூலையை விரலால் தடவுங்கள். சிறு குழியாக வட்டமோ சதுரமோ பதிந்திருந்தால் கிளப் பதிப்பு. கடைசிப் பக்கங்களில் ஒன்றில், தையலை ஒட்டிய உள்விளிம்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொடியாக அச்சாகியிருக்கும். எழுத்து ஆண்டையும் எண் வாரத்தையும் குறிப்பது. உறை தொலைந்த பிரதிக்கு வயது பார்க்க இதுதான் வழி.

படிப்பதற்கு மட்டும் என்றால் கிளப் பதிப்பு ஒன்றும் குறைந்ததில்லை. ஃபவுண்டேஷன் மூன்றும் ஒரே கட்டில் வந்த கிளப் புத்தகம் எங்கும் மலிவாகக் கிடைக்கும், பாடமும் முழுமை. அதை ‘முதற்பதிப்பு’ என்று சொல்லி விலை ஏற்றினால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். நோம் பிரஸ் மூலப் பதிப்புகளின் பக்கம் போகவே வேண்டாம். விலை அதிகம், காகிதமும் சீக்கிரம் பழுப்பேறும் ரகம்.

பேப்பர்பேக்கை நடுவில் அகலமாக விரித்துப் பார்க்காதீர்கள். ஐம்பது வயதான பசை காய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு முறை விரித்தால் முதுகு பிளந்து பக்கம் கொத்தாகக் கையோடு வரும். கை நுழையும் அளவுக்குத் திறந்து, முதுகின் உள்ளே பாருங்கள். ஏற்கெனவே கோடு விழுந்திருந்தால் அந்த இடத்தில் பக்க எண் தொடர்கிறதா என்று சரிபாருங்கள். காணாமல் போன பக்கங்கள் அங்கேதான் போயிருக்கும். ஆன்லைனில் வாங்கினால் முன்னட்டை, முதுகு, பதிப்புரிமைப் பக்கம், பொருளடக்கம், கடைசிப் பக்கம் ஆகிய ஐந்துக்கும் படம் கேளுங்கள். பொருளடக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப மறுப்பவரிடம் சிறுகதைப் புத்தகம் வாங்க வேண்டாம்.

படிக்கும் வரிசை

‘ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்’ முன்குறிப்பில் அசிமோவே 14 புத்தகங்களைக் கதைக்கால வரிசையில் அடுக்கித் தந்திருக்கிறார். ‘கம்ப்ளீட் ரோபாட்’டில் தொடங்கி ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’தில் முடிவது. முதல் முறை படிப்பவருக்கு அது சரிவராது. 1980-களில் எழுதிய புத்தகங்கள் 1950-களின் புத்தகங்களைப் படித்தவருக்காக எழுதப்பட்டவை. ‘ப்ரெலூட்’டில் வரும் ஒரு திருப்பம், மற்றதெல்லாம் தெரிந்திருந்தால்தான் திருப்பம். முதலில் படித்தால் வெறும் தகவல்.

வெளிவந்த வரிசையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு இப்படிப் போகலாம்: ‘ஐ, ரோபாட்’, ‘கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’, ‘நேக்கட் சன்’, பிறகு ஃபவுண்டேஷன் மூன்று, பிறகு ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’. இங்கே நிறுத்தி ‘ரோபாட்ஸ் ஆஃப் டான்’, ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ இரண்டையும் முடித்துவிட்டு ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’துக்கு வாருங்கள், அதன் முடிவு ரோபாட் நாவல்களின் மேல்தான் நிற்கிறது. ‘ப்ரெலூட்’, ‘ஃபார்வர்டு’ கடைசியில். பேரரசு நாவல் மூன்றையும் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். ஃபவுண்டேஷன் முதல் புத்தகத்தில் ஐந்து பகுதிகள்; முதல் பகுதி 1951-இல் புத்தகத்துக்காகவே எழுதியது, மற்ற நான்கும் 1940-களில் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்தவை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆட்கள் மாறுகிறார்களே என்று தடுமாறுபவர்கள் அதைச் சிறுகதைத் தொகுப்பாக நினைத்துப் படித்தால் வழி விடும்.

பூச்சியும் ஈரமும்

பழைய புத்தகத்தை வாங்கிய அன்றே மற்றவற்றோடு அடுக்காதீர்கள். இராமபாணப் பூச்சி ஒன்று வந்தால் போதும், அட்டையின் பசையைச் சுரண்டித் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து, வாயை இறுக ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பக்கங்களில் நீராகப் படிந்துவிடும். அதற்குப் பூச்சியே தேவலை. கிழிந்த உறையில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை குறையும்.

உதிரிகள்

முப்பத்தெட்டுக்கும் பிடிபடாத சில கதைகள் உண்டு. ‘பிக் கேம்’ தொலைந்துவிட்டதாக அசிமோவே நினைத்த கதை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்துவைத்த தாள்களுக்கு நடுவே கிடைத்து, அவர் தொகுத்த ‘பிஃபோர் தி கோல்டன் ஏஜ்’ (1974) திரட்டில் அச்சானது. ‘தி வெப்பன்’ அவருடைய தன்வரலாற்றின் முதல் பகுதியான ‘இன் மெமரி யெட் கிரீன்’ (1979) புத்தகத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுப் பட்டியலில் டிக் போட்டால் போதும். 1938 ஜூனில் ‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பி வந்த முதல் கதை ‘காஸ்மிக் கார்க்ஸ்க்ரூ’ எங்கும் இல்லை. பிரதி தொலைந்துவிட்டது. அந்த வரியில் ‘கிடைக்காது’ என்று இப்போதே எழுதிவிடுங்கள்.